மேட்ரிக்ஸ் 801, கெஃப் 104/2, தீல் 3.6, வாண்டர்ஸ்டீன் 2சிஇ: பழைய ஸ்பீக்கர் ஜோடி வாங்குமுன் ஓர் ஒப்பீடு

தீல் சிஎஸ் 3.6 வைத்திருப்பவர் ஒருவர் "ட்ரெபிள் (மேல் அலைவரிசை ஒலி) காதைக் குத்துகிறது" என்பார். அதே மாடலை வைத்திருக்கும் இன்னொருவர் "இவ்வளவு நேர்மையான ஸ்பீக்கரை வேறெங்கும் கேட்டதில்லை" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். முதலாமவர் அதை வீட்டு ரிசீவரில் ஓட்டுகிறார், இரண்டாமவர் கரண்ட் தாராளமாகத் தரும் பவர் ஆம்ப்பில் (ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயரில்) ஓட்டுகிறார். பழைய உயர்தர ஸ்பீக்கர்களைப் பற்றி உரிமையாளர்கள் சொல்லும் எந்த வரியிலும் ஸ்பீக்கரோடு ஆம்ப், அறை, பாகங்களின் வயது ஆகிய மூன்றும் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் புகழ்ச்சியை நம்பி வாங்கினால் பணம் வீண்.

இங்கே எடுத்துக்கொண்டவை நான்கு. இங்கிலாந்திலிருந்து பி அண்டு டபிள்யூவின் மேட்ரிக்ஸ் 801 சீரிஸ் 2 (1987), கெஃப் ரெஃபரன்ஸ் 104/2 (1984). அமெரிக்காவிலிருந்து தீல் சிஎஸ் 3.6 (1992), வாண்டர்ஸ்டீன் 2சிஇ. கடைசியாகச் சொன்னது 1977இல் தொடங்கிய மாடல் 2 வரிசையின் பிந்தைய பதிப்பு. நான்குமே தரையில் நிற்பவை, நான்குக்கும் இன்றும் ரசிகர்கள் உண்டு. ஆனால் ஒன்றுக்குப் பொருந்தும் ஆம்ப்பும் அறையும் இன்னொன்றுக்குப் பொருந்தா.

ஆம்ப் கணக்கு

சென்சிட்டிவிட்டியை, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பதை, 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் கெஃப் 92 டெசிபெல், மேட்ரிக்ஸ் 87, தீலும் வாண்டர்ஸ்டீனும் 86. கெஃபுக்கும் தீலுக்கும் உள்ள 6 டெசிபெல் இடைவெளி தாளில் சின்னதாகத் தெரியும். இரண்டும் 4 ஓம் ஸ்பீக்கர்கள் என்பதால் கணக்கு நேரடியானது: கெஃப் 25 வாட்டில் எட்டும் சத்தத்தை எட்ட தீலுக்கு 100 வாட் வேண்டும்.

தீலின் சிக்கல் வாட்டோடு முடிவதில்லை. 4 ஓம் என்று குறித்திருந்தாலும் அதன் இம்பீடன்ஸ் (ஆம்ப்புக்குக் காட்டும் மின்தடை) 3 ஓமுக்கும் கீழே இறங்கும், பெரும்பாலான அலைவரிசைகளில் 4 ஓமைத் தாண்டி ஏறவும் ஏறாது. 8 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப் 4 ஓமில் 200க்குப் பக்கத்தில் தர வேண்டும். 8 ஓமில் 100, 4 ஓமில் 120 என்று நின்றுவிடும் ஆம்ப்பில் பவர் சப்ளை திணறுகிறது என்று பொருள். அப்படித் திணறும்போது உச்சிகள் வெட்டுப்பட்டு, வெட்டுப்பட்ட அலையின் மேல்சுரங்கள் ட்ரெபிளை ஒலிக்கும் ட்வீட்டருக்குப் போகின்றன. "காதைக் குத்துகிறது" என்ற புகாரில் பாதி இங்கிருந்து வருகிறது. ட்வீட்டர் கருகுவதும் இப்படித்தான்.

கெஃபில் கதை நேர்மாறு. அதன் கிராஸ்ஓவரில் ஒலியை வூஃபர், ட்வீட்டர் முதலிய டிரைவர்களுக்குப் பிரிப்பதற்கான பாகங்களோடு இம்பீடன்ஸைச் சமன் செய்வதற்கென்றே தனிப் பாகங்களும் வைத்திருக்கிறார்கள். ஆம்ப்புக்கு அது கிட்டத்தட்ட ஒரு 4 ஓம் ரெசிஸ்டராகவே தெரியும். 25, 30 வாட் வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர் ஆம்ப்பின் 4 ஓம் டாப்பில் (4 ஓம் ஸ்பீக்கருக்கான இணைப்பு முனையில்) மாட்டினால் நிம்மதியாக ஓடும். இந்த நான்கில் சின்ன ஆம்ப்புக்குத் தைரியமாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

வாண்டர்ஸ்டீன் சென்சிட்டிவிட்டியில் தீலைப் போலக் குறைவு, ஆனால் இம்பீடன்ஸில் நல்லபிள்ளை. ஒழுங்கான 60 முதல் 100 வாட் ஆம்ப் போதும். மேட்ரிக்ஸ் 801 பெரிய ஆம்ப்பைக் கேட்கும், அதற்கு மேல் இன்னொரு பெட்டியையும் கேட்கும். அது கீழே.

மேட்ரிக்ஸ் 801: பெட்டிக்கு வெளியே ஒரு பாகம்

அடிநாதத்துக்கு 300 மில்லிமீட்டர் வூஃபர், அதன் மேல் தனித் தலையில் நடு அலைவரிசைக்குக் கெவ்லார் மிட்ரேஞ்ச், உச்சியில் திறந்த வெளியில் 26 மில்லிமீட்டர் உலோக டோம் ட்வீட்டர். பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகப் பலகைகளைக் கோத்து, சுவர்கள் அதிராமல் இறுக்கியிருக்கிறார்கள். மேட்ரிக்ஸ் என்ற பெயர் அதனால்தான். 1979இல் வந்த முதல் 801 லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் இடம்பிடித்தது. மேட்ரிக்ஸ் அதன் வாரிசு. பியானோ, முழு ஆர்கெஸ்ட்ரா இரண்டிலும் இதன் அளவை மற்ற மூன்றும் எட்டுவதில்லை.

ஆனால் இதன் அடிநாதம் (பாஸ்) முழுமையாக வருவதற்கு பாஸ் அலைன்மென்ட் ஃபில்டர் என்ற சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி வேண்டும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே அதை இணைக்க வேண்டும். 20 ஹெர்ட்ஸ் அருகே சிக்னலைக் கொஞ்சம் உயர்த்தும். அதற்கும் கீழே உள்ளதை வெட்டி, வூஃபர் வீணாக ஆடுவதைத் தடுக்கும். பழைய ஜோடிகள் கைமாறும்போது இந்தப் பெட்டி தொலைந்துபோயிருப்பது சகஜம். "801இல் பாஸ் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை" என்று சொல்பவரிடம் ஃபில்டர் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். அவை இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் இன்டெக்ரேட்டட் ஆம்ப்பில் ப்ரீ அவுட், மெயின் இன் இணைப்புகள் இல்லையென்றால் அதை மாட்ட டேப் லூப்பைத்தான் (டேப் ரெக்கார்டருக்கான இணைப்பு) நம்ப வேண்டும், அதுவும் இல்லையென்றால் வழியில்லை. எல்பி கேட்பவருக்கு ஃபில்டர் இன்னும் அவசியம். தட்டு வளைந்திருந்தால் அதன் கீழ் அலைவரிசை ஆட்டம் முழுக்க வூஃபரில் விழும். வெளிநாட்டிலிருந்து வரும் ஃபில்டருக்கு எத்தனை வோல்ட் என்று லேபிளைப் பார்க்காமல் 230 வோல்ட்டில் சொருகக் கூடாது.

அறைதான் அடுத்த கேள்வி. 12க்கு 10 அடி அறையில் நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸ் அருகிலும் அகலவாக்கில் 56 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி தேங்கும். 801 அந்த இரண்டையும் தாராளமாகத் தூண்டும், மிருதங்கத் தொப்பியின் கும்கி முழுவதும் ஒரே ஹூங்காரமாகிவிடும். அமெரிக்க உரிமையாளர்களின் கருத்தைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. அங்கே பல வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. பலகைச் சுவர் அதிர்ந்து கீழ் அலைவரிசையில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும், வெளியேயும் விடும். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அப்படி விடுவதில்லை. அங்கே "பாஸ் அளவானது" என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் நம் கட்டடங்களில் தடித்து ஒலிக்கும். மேட்ரிக்ஸ் 801க்கு 20 அடி நீளமாவது உள்ள கூடம் வேண்டும் என்பது என் திடமான கருத்து.

உச்சியிலுள்ள ட்வீட்டர் டோமில் சொட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெளியே துருத்தி நிற்கும் பாகம் என்பதால் வீடு மாற்றும்போது அடிபடுவது அதுதான்.

கெஃப் 104/2: கண்ணுக்குத் தெரியாத வூஃபர்கள்

104/2இன் முன்பக்கத்தில் வூஃபரே தெரியாது. இரண்டு 200 மில்லிமீட்டர் வூஃபர்கள் பெட்டிக்குள் ஒளிந்திருக்கின்றன. இரண்டும் நடுவறைக்குள் காற்றைத் தள்ள, அந்தக் காற்று முன்பக்க வாய் வழியாக வெளியே வருகிறது. இரண்டையும் ஓர் உலோகத் தண்டு இணைக்கிறது. ஒன்றின் உதைப்பை மற்றொன்றின் எதிர் உதைப்பு ரத்து செய்வதால் பெட்டி அதிர்வதில்லை. மேலே ட்வீட்டரின் இருபுறமும் ஒவ்வொரு மிட்ரேஞ்ச். குரலுக்கு இந்த அமைப்பு அருமை. பாடகர் மூச்சு வாங்குமிடம், தம்புராவின் ரீங்காரம், கஞ்சிராவின் சலங்கை எல்லாம் பிசிறில்லாமல் வரும்.

சிக்கல் அந்த மறைவில்தான். வூஃபர் ஓரத்திலுள்ள ஃபோம் வளையம் பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதைச் சிதைக்கும், சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக. மற்ற ஸ்பீக்கர்களில் கிரில்லைக் கழற்றினால் பொடிந்த ஃபோம் கண்ணில் படும், இதில் படாது. விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஒன்று பழுதானாலும் மற்றொன்று சமாளித்து ஒலிப்பதால் சாதாரணமாகக் கேட்டுக் கண்டுபிடிக்கவும் முடியாது.

சோதிக்க ஒரு வழி உண்டு. போனில் டோன் ஜெனரேட்டர் செயலியை ஏற்றிக்கொண்டு, மிதமான சத்தத்தில் 100, 60, 40 ஹெர்ட்ஸ் என்று இறங்குங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டிகளின் வாயருகே உள்ளங்கையை மாறி மாறி வையுங்கள். நல்ல ஜோடியில் காற்று ஒரே அளவில் வரும், சத்தம் சுத்தமாக இருக்கும். ஒரு பக்கம் புஸ் என்ற இரைச்சலோ கடகடப்போ கேட்டால் ஃபோம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.

ஃபோம் மாற்றுவது முடியாத வேலையல்ல, அவசரப்படாத கை வேண்டும். பழைய ஃபோமைச் சுரண்டி எடுத்து, ஒட்டியிருக்கும் பசையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பசையை முழுதாக எடுக்காமல் புதிய வளையத்தை ஒட்டினால் ஆறே மாதத்தில் பெயரும். கோன் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) காகிதமா பிளாஸ்டிக்கா என்று பார்த்து அதற்கேற்ற பசை வாங்குங்கள். காகிதத்தில் நிற்கும் வெள்ளைப் பசை பிளாஸ்டிக்கில் நிற்காது. முதலில் உள்விளிம்பைக் கோனில் ஒட்டிக் காயவிட வேண்டும். பிறகு வெளிவிளிம்பில் பசை தடவி, 20 அல்லது 30 ஹெர்ட்ஸ் டோனை மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டபடி கோனை மெல்ல நகர்த்துங்கள். கோனின் அடியிலுள்ள கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் உரசினால் மெல்லிய சுரண்டல் கேட்கும். அது கேட்காத இடத்தில் நிறுத்தி அழுத்தி, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். இணைப்புத் தண்டைக் கழற்றுவதற்கு முன்னும் மாட்டிய பின்னும் படம் எடுத்து ஒப்பிடுவது நல்லது. அது ஒரு நூல் பிசகினாலும் வூஃபர் கோணலாக நிற்கும்.

இன்னொரு வயதுக் கோளாறு ட்வீட்டரில். வாய்ஸ் காயிலைச் சுற்றியுள்ள காந்தத் திரவம் பல வருடங்களில் கெட்டியாகி, டோம் அசையச் சிரமப்படும். "கெஃப் மந்தமாக, இதமாக ஒலிக்கிறது" என்ற பாராட்டு பல நேரம் இந்தக் காய்ந்த திரவத்தைத்தான் பாராட்டுகிறது. ட்வீட்டரைத் திறந்து, காந்த இடுக்கில் உள்ள பழைய பிசினை மை ஒற்றும் தாளின் கீற்றுகளால் ஒற்றி எடுத்துப் புதியது விட்டால் ஸ்பீக்கர் வேறு முகம் காட்டும். திரவம் அதிகமானால் டோமில் ஏறிவிடும், இடுக்கு நிரம்பினால் போதும்.

கிராஸ்ஓவரில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களும் நாற்பது வயதை எட்டிவிட்டன. அளந்து, குறித்த மதிப்பிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை மாற்றுங்கள். விலை உயர்ந்த ஃபிலிம் கபாசிட்டர் போட்டதும் ட்ரெபிள் தூக்கலாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை. பழையதற்குள் இருந்த சிறு மின்தடை புதியதில் இல்லை. அரை ஓமுக்குள் ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் சேர்த்தால் சமநிலை திரும்பும்.

தீலும் வாண்டர்ஸ்டீனும்: ஒரே கொள்கை, இரண்டு குணம்

இரண்டும் ஃபர்ஸ்ட் ஆர்டர் கிராஸ்ஓவர். ஒரு ஆக்டேவுக்கு (அலைவரிசை இரட்டிப்பாகும் இடைவெளிக்கு) 6 டெசிபெல் மட்டுமே சரியும் இந்த முறையில், மூன்று டிரைவர்களின் ஒலியும் காதை ஒரே நேரத்தில் சேரும்படி அமைக்க முடியும். மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் சாப்பின் முனை மழுங்காமல் வருவது இதன் பலன். விலை என்னவென்றால், டிரைவர்கள் தங்கள் எல்லைக்கு வெளியேயும் நிறைய உழைக்கின்றன. ஆகவே இரண்டையும் பார்ட்டி சத்தத்தில் வைக்கக் கூடாது, இரண்டுக்கும் உட்காரும் இடம் முக்கியம். தீலுக்கு எட்டு அடிக்குக் குறையாத தூரம் வேண்டும். அதற்குள் உட்கார்ந்தால் டிரைவர்கள் ஒன்று கலக்காமல் தனித்தனியாகக் கேட்கும், எழுந்து நின்றால் மத்திய ஒலி மாறும். "குரல் மெலிந்திருக்கிறது" என்பவர் சோபா எங்கே இருக்கிறது என்று சொன்னால்தான் அந்தக் கருத்துக்கு மதிப்பு.

தீல் முன்பலகையையே பின்னோக்கிச் சாய்த்துச் செய்தது. வாண்டர்ஸ்டீனில் ஸ்டாண்டோடு முழு ஸ்பீக்கரையும் சாய்க்க வேண்டும், எவ்வளவு என்பதற்கு அதன் கையேட்டில் காது உயரம், தூரம் இரண்டையும் வைத்து அட்டவணை உண்டு. ஸ்டாண்ட் இல்லாமல் விற்கப்படும் ஜோடியை நேராக நிறுத்திக் கேட்டுவிட்டு "உயிரில்லை" என்று எழுதியவர்கள் பலர். அவர்கள் கேட்டது வாண்டர்ஸ்டீனே அல்ல. சுவரிலிருந்து தூரத்துக்கும் கையேடு வழி சொல்கிறது: அறையின் நீள அகலத்தை மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் வகுத்து வரும் இடங்களில் நிறுத்திப் பார்க்கலாம். நம் அறைகளில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வாண்டர்ஸ்டீனுக்கு வழக்கமான பெட்டி முகமே இல்லை. டிரைவர்களைச் சுற்றி அகலமான பலகை இல்லாமல் எல்லாவற்றையும் துணியுறை மூடியிருக்கிறது. பலகை விளிம்பில் பட்டுச் சிதறும் ஒலி குறைவு. அதனால் பாடகர் ஸ்பீக்கரை விட்டு விலகி நடுவே நிற்பதாகத் தோன்றும். முன்னே 8 அங்குல வூஃபர், பின்னே கீழ் அலைவரிசைக்குக் கைகொடுக்கும் 10 அங்குல டிரைவர். துணியை இறக்கி இரண்டின் ஓர வளையங்களையும் பாருங்கள். பின்பக்கம் மிட்ரேஞ்சுக்கும் ட்வீட்டருக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் உண்டு. அவை ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒரு பக்க ட்ரெபிள் வந்து வந்து போகும். முழுச் சுற்றில் இருபது முறை திருகி, கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டால் பெரும்பாலும் சரியாகும். சில பதிப்புகளில் கேபிள் இணைப்பு திருகுப் பட்டையில், அதில் பனானா பிளக் நுழையாது, கவட்டை முனையுள்ள ஸ்பேடு வேண்டும், அதுவும் அகலம் குறைந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரட்டை கேபிளுக்கு (பை-வயர்) தயாராகுங்கள்.

பாகம் கிடைப்பதில் இரண்டும் எதிரெதிர். வாண்டர்ஸ்டீன் கலிபோர்னியாவின் ஹான்ஃபோர்டில் இன்றும் இயங்குகிறது. கென்டக்கியின் லெக்ஸிங்டனில் தொடங்கிய தீல், நிறுவனர் ஜிம் தீல் 2009இல் மறைந்த பிறகு மூடப்பட்டது. அதன் டிரைவர்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. "கிட்டத்தட்ட அதே மாதிரி" என்று கடையில் கிடைக்கும் ட்வீட்டரைப் போட்டால் அந்த நேர ஒழுங்கு மொத்தமும் போய்விடும். தீலின் எல்லா டிரைவரும் அசல், எல்லாமும் உயிரோடு என்றால் மட்டும் வாங்குங்கள். அப்படிக் கிடைத்து, ஆம்ப்பும் தகுதியானதாக இருந்தால் இந்த நான்கில் என் முதல் தேர்வு அதுதான். ஆம்ப் சாதாரணம், அறை நடுத்தரம் என்றால் யோசிக்காமல் வாண்டர்ஸ்டீன்.

விற்பவர் வீட்டில்

ஆம்ப்பிலிருந்து கேபிளைக் கழற்றி, ஸ்பீக்கர் முனைகளில் (இரண்டு ஜோடி முனைகள் இருந்தால் வூஃபருக்கானதில்) மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். இரண்டு பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று எல்லையில்லாமல் காட்டினால் வூஃபர் காயிலோ அதற்குப் போகும் இணைப்போ அறுந்திருக்கிறது. ட்வீட்டரும் மிட்ரேஞ்சும் கபாசிட்டருக்கு அப்பால் இருப்பதால் இந்த அளவில் தெரியா. அவற்றுக்குக் காதைக் கிட்டே வைத்து, சத்தத்தைக் குறைத்து, ஒவ்வொன்றாகக் கேட்பதுதான் வழி. மோனோ குரல் பதிவு ஒன்றைப் போடுங்கள். குரல் சரியாக நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் இடது வலது ஸ்பீக்கர் கேபிள்களை ஆம்ப்பின் பின்னால் மாற்றிச் சொருகுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. மாறாமல் அதே பக்கம் நின்றால் அந்தப் பெட்டியையும் அது நிற்கும் மூலையையும் சந்தேகியுங்கள். கேபிள்களை முதலில் இருந்தபடியே சொருகி, இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி நிறுத்திவிட்டு மறுபடி கேளுங்கள். எடையுள்ளவை, துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.