‘1940 இர்வின், அசல் நிலை’ விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்புமுன்

“பிரிட்டன் வான்போர்க் காலத்து இர்வின் ஜாக்கெட், 1940, அசல் நிலை, விமானியின் பெயருடன்.” இர்வின் என்பது பிரிட்டிஷ் விமானப்படையினர் அணிந்த செம்மறியாட்டுத் தோல் ஜாக்கெட். இங்கிலாந்து வியாபாரி ஒருவர் இப்படி விளம்பரம் செய்து விற்ற ஒன்றைப் பிரித்துச் சோதித்ததில் தெரிந்தவை இவை: உடல் பாகம் போர்க்காலத்தது. இடது கை வேறொரு ஜாக்கெட்டிலிருந்து எடுத்துத் தைத்தது. முன் ஜிப் பிற்காலத்தது. வெளித்தோல் முழுக்கப் புதுச் சாயம். மார்பில் எழுதியிருந்த விமானியின் பெயர் அந்தச் சாயத்துக்கு மேலே இருந்தது. 1940இல் எழுதிய பெயர் அண்மையில் பூசிய சாயத்தின்மேல் எப்படி ஏறும்?

கேட்டதற்கு வியாபாரியின் பதில்: “ஜாக்கெட் அசல்தானே, கொஞ்சம் பழுது பார்த்திருக்கிறோம்.” வாங்கியவர் தெரிந்தவர்களுக்கு அனுப்புவதற்கான, வாங்குபவருக்குப் பாதுகாப்பில்லாத ‘நண்பர், உறவினர்’ வழியில் பணம் அனுப்பியிருந்ததால் பணம் அனுப்பிய தளத்தில் புகாரும் எடுபடவில்லை.

முழுப் போலியில் ஏமாறுவது இப்போது குறைவு. போர்க்கால இர்வினில் வெளிப்பை கிடையாது. முன்னால் கைவிடும் பை இருந்தால் அது பிற்காலத்து ஃபேஷன் ஜாக்கெட், அல்லது பின்னால் யாரோ வைத்துத் தைத்தது. நைலான் சுருள் ஜிப், வெல்க்ரோ, துவைக்கும் முறை காட்டும் குறிகள், எக்ஸ்எல் என்ற அளவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்ததற்குப் போய்விடலாம். லேபிளில் கிரீடம் இருந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் மேல்நோக்கிக் குவிந்திருக்கும். நடுவில் பள்ளம் விழுந்த கிரீடம் எலிசபெத் அரசி காலத்தது, 1952க்குப் பிந்தியது. ‘இர்விங்’ என்று கடைசியில் ‘ங்’ ஒலியோடு லேபிள் இருப்பதால் மட்டும் போலி என்று ஒதுக்காதீர்கள். பாராசூட் வல்லுநர் லெஸ்லி இர்வின் தொடங்கிய நிறுவனத்தின் பெயரில் எழுத்தர் பிழையாக ஓர் எழுத்து கூடிவிட்டது. 1926இல் லெட்ச்வொர்த்தில் ஆலை வைத்தபோதும் அந்தப் பெயரே தொடர்ந்தது.

சிக்கல் அரை உண்மையில்தான் இருக்கிறது. துணியும் தோலும் அந்தக் காலத்தது என்பதால் வாங்குபவரின் கண் அங்கேயே திருப்தியடைந்துவிடும். மேலே நடந்த வேலை தெரியாது. அதில் முதல் வேலை சாயம்.

எண்பது வருடத்துத் தோல் ஒரே நிறமாக இருக்க வாய்ப்பில்லை. காலர் விளிம்பு, கை முனை, முழங்கை, பெல்ட் உரசும் இடம் எல்லாம் தேய்ந்து அடித்தோலின் வெளிர் நிறம் தெரிய வேண்டும். அங்கெல்லாம் சீரான பழுப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து, சாயம் படக் கூடாத இடங்களைப் பாருங்கள்: தையல் நூல், ஜிப்பின் துணிப்பட்டை, பக்கிளின் பின்பக்கம், லேபிளின் ஓரம். ஜாக்கெட்டைத் தைத்த பிறகு பூசிய சாயம் இவற்றில் எதையாவது தொட்டிருக்கும். தையல் ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கி, கம்பளி மயிரின் அடியில் பழுப்புப் புள்ளிகளாகவும் நிற்கும். பெல்ட்டுக்குப் பின்னால் மறைவான இடத்தில், ஈரம் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெல்லத் தேய்த்தால் சில சாயங்கள் ஒட்டிவரும். மேலே பூச்சு கட்டிய சாயம் ஒட்டாது, எனவே குச்சி சுத்தமாக வந்தால் மட்டும் நிம்மதியடைய வேண்டாம்.

சாயம் பூசுவதே ஏமாற்று என்று சொல்லவில்லை. விற்பவர் சொல்லி, விலையும் குறைத்தால் அது வேறு கதை. ஆனால் பெரும்பாலும் சாயம் பூசுவது நிறத்துக்காக இல்லை, செத்த தோலை மறைக்க. செம்மறியாட்டுத் தோலின் நார்க்கட்டு தளர்வானது. கொழுப்பு அதிகம், மயிர்க்கால்கள் நெருக்கம். அதனால் மேல்படலமும் அடிப்படலமும் பிரிந்துகொள்ளும். மாட்டுத்தோல், குதிரைத்தோல் அளவுக்கு இது தாங்காது. காற்றிலுள்ள கந்தக மாசு தோலில் அமிலமாகி நார்களை அரிக்கும். மரப்பட்டை போன்ற தாவரச் சாற்றால் பதனிட்ட தோலில் இந்தச் சிதைவு செம்பழுப்புப் பொடியாகக் கையில் உதிரும். நனைந்த ஜாக்கெட்டை ஹீட்டர் அருகே காயவைத்திருந்தால் தோல் சுருங்கி, இறுகி, திரும்ப இளகவே இளகாது. நார் அறுந்த தோலுக்கு எண்ணெய் எதையும் திருப்பித் தராது. மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை ஊற வைத்தால் அன்றைக்கு மெத்தென்று இருக்கும், படங்களில் பளபளக்கும். பிறகு எண்ணெய் கம்பளிக்குள் இறங்கிப் பிசுபிசுத்து நாறும்.

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், கீழ் விளிம்பில் விரலளவு இடத்தை மெதுவாக மடியுங்கள். நல்ல தோல் சத்தமில்லாமல் வளையும். செத்த தோல் அப்பளம் போல முறுமுறுக்கும். மடிப்பில் வெளிர் கோடு தெரியும். அதற்குமேல் மடிக்காதீர்கள், கிழிந்தால் காசு உங்களுடையது. பிறகு அக்குள், தோள் தையல், கை இணையும் இடம் ஆகியவற்றில் உள்ளே கைவிட்டு மயிரை விலக்கிப் பாருங்கள். மயிர் வழித்த வட்டம், பசை இறுகிய கட்டி, பின்னால் ஒட்டிய துணி இருந்தால், வெளியே ஃபில்லர் என்ற நிரப்புப் பசை வைத்துச் சாயம் பூசிய கிழிசல் அது.

நூலுக்கு, கள்ளநோட்டு பார்க்கும் யூவி டார்ச் போதும். இருட்டில் தையல் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் புது நூல். எச்சரிக்கை: நவீன சலவைத் தூள் பட்ட பழைய பருத்தி நூலும் ஒளிரும். ஆகவே ஒரு தையல் மட்டும் ஒளிர்ந்து மற்றவை மங்கியிருந்தால்தான் அது வலுவான அடையாளம். மேற்சொன்ன ஜாக்கெட்டின் இடது கையைக் காட்டிக்கொடுத்தது இதுதான். தோளைச் சுற்றி மட்டும் ஒளிர்ந்தது. அளந்தபோது இரண்டு கைகளின் நீளமும் ஒத்துவரவில்லை.

ஜிப் மாற்றியிருப்பது அவ்வளவு பெரிய குற்றமில்லை, விற்பவர் ஒப்புக்கொண்டால். டாட், லைட்னிங் என்ற பெயர் பொறித்த உலோக ஜிப்கள் அந்தக் காலத்தவை. ஆனால் ரன்னர் மட்டும் பழையது, பற்கள் புதியவை என்ற கலப்பும் வருகிறது. எனவே ரன்னரின் பெயரை மட்டும் படமெடுத்து அனுப்பினால் போதாது. முன்கை ஜிப் இரண்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். கிழிந்த கை முனையை வெட்டிச் சுருக்கியிருந்தால் ஜிப்பின் நீளம் அங்கே குறைந்திருக்கும்.

‘1940’ என்ற ஆண்டுக்கு வருவோம். போரின் தொடக்கத்தில் பெரிய தோல் துண்டுகளில் வெட்டினார்கள். போர் நீண்டு தோல் தட்டுப்பாடானபோது சிறு துண்டுகளை இணைத்துத் தைத்தார்கள். பல துண்டு ஜாக்கெட்டும் அசல்தான், தரமும் குறைவில்லை. பிரிட்டன் வான்போர் நடந்தது ஜூலை முதல் அக்டோபர் 1940 வரை. பல துண்டு ஜாக்கெட்டுக்கு அந்தக் கதையை ஒட்டி விலை கேட்பதுதான் மோசடி. அமெரிக்க விமானிகளின் ஆட்டுத்தோல் ஜாக்கெட்டான பி-3இலும் இதே வேலை நடக்கிறது. அது 1934இல் ஏற்கப்பட்டது. 1943இல் துணியால் ஆன பி-10 வந்தபின் ஆட்டுத்தோல் வகைகள் பின்தள்ளப்பட்டன. 1945 ஒப்பந்த லேபிளோடு பி-3 வந்தால் லேபிளைத் தைத்த நூலையும் சுற்றியுள்ள பழைய ஊசி ஓட்டைகளையும் பாருங்கள். அதன் ஒப்பந்த எண் பெரும்பாலும் டபிள்யூ535-ஏசி என்று தொடங்கும், ஆனால் இன்று மறுபதிப்பு லேபிள்களிலும் அதை அப்படியே அச்சடிக்கிறார்கள்.

பெயரெழுதிய ஜாக்கெட்டுக்கு விலை எகிறும். லண்டனில் கியூ என்ற பகுதியிலுள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 வரிசையில் படையணிகளின் பறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. விமானியின் பெயரை அதில் தேடலாம். ஆனால் அப்படி ஒரு விமானி இருந்தார் என்பது மட்டும் அது அவருடைய ஜாக்கெட் என்பதற்குச் சான்றாகாது. போலி எழுதுபவரும் அதே பதிவேட்டைத்தான் பார்க்கிறார். குடும்பக் கடிதம், அதே ஜாக்கெட்டின் துண்டு அமைப்புத் தெரியும் பழைய படம் எதுவும் இல்லையென்றால் பெயருக்காக ஒரு காசும் கூடுதலாகத் தராதீர்கள்.

தூரத்திலிருந்து வாங்கினால் கேட்க வேண்டிய படங்கள்: கீழ் விளிம்பு மடிப்பு, அக்குள் உட்புறம், பக்கிளின் பின்புறம், நேர் வெளிச்சத்தில் லேபிள், ஜிப் மேலும் கீழும் ஓடும் காணொளி. கை நீளம் இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். “சாயம் பூசியதா, எந்தப் பாகம் மாற்றியது?” என்று கேட்டுப் பதிலை எழுத்தில் பெறுங்கள். பிரிட்டனில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமை பொதுவாக உண்டு. நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்துக்கும் தனிநபர் விற்பனைக்கும் அது கிடையாது. பிரிட்டன் கிரெடிட் கார்டில் செலுத்தினால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குக் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்கும். ‘நண்பர், உறவினர்’ வழியில் அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.