நாகூரா, கீழக்கரையா?

வவுனியா, முசலிப் பக்கத்திலிருந்து ஸியாரத்துக்கு, அதாவது இறைநேசர்களின் அடக்கத்தலங்களைச் சந்திக்கப் புறப்படுபவர்களிடம் எழும் கேள்வி இது. இரண்டுக்கும் இந்திய விசா வேண்டும்.

நாகூரில் 1570இல் மறைந்த ஷாகுல் ஹமீது நாயகம் அடங்கியிருக்கிறார். போவது சுலபம்: காங்கேசன்துறையில் கப்பல் ஏறினால் நாகப்பட்டினம், அங்கிருந்து நாகூர் கூப்பிடு தூரம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பல் நிற்கும், அதை மட்டும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ஐந்து மினாராக்கள், மொட்டை போட்டுக் குளத்தில் முழுகும் கூட்டம், நேர்ச்சைக்கு விற்கும் கை, கால், வீடு, படகு வடிவத் தகடுகள். பாதி வாங்குபவர்கள் இந்துக்கள். கந்தூரி எனும் ஆண்டு விழா நாட்களில் நிற்க இடமிராது.

கீழக்கரை அமைதியான ஊர். மார்க்க அறிஞரைத் தேடிப் போவதென்றால் அதுதான். 17ஆம் நூற்றாண்டின் சதக்கத்துல்லா அப்பா அங்கே அடங்கியிருக்கிறார். 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிமும் அங்கேதான். அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதும் தமிழில், மார்க்க நூல் எழுதிய இந்த ஆலிம் இலங்கைக்கும் வந்துபோனவர், நமக்கு அந்நியரில்லை. மன்னாருக்கு நேரெதிர்க் கரைதான், ஆனால் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனதால் இன்று சுற்றித்தான் போக வேண்டும்.

பிள்ளைகுட்டியோடு நேர்ச்சைக்கு நாகூர். உட்கார்ந்து ஓத நினைப்பவருக்கு, அலைச்சலானாலும், நான் கீழக்கரையைத்தான் சொல்வேன்.