டேரினின் தச்சன் பாட்டும் சினாட்ராவின் 'சைக்கிள்ஸ்' தட்டும்

பெரிய வாத்தியக் குழுவுக்கு முன்னால் நின்று பாடிப் பேர் வாங்கிய அமெரிக்கப் பாடகர்கள் சிலர், 1960களின் பிற்பகுதியில் நாட்டுப்புறப் பாடலையும் ராக் இசையையும் கலக்கும் ஃபோக் ராக் பக்கம் திரும்பினார்கள். அந்த வகையில் ஒரேயொரு இசைத்தட்டு வாங்குவதென்று கடைக்குப் போன அன்று என் கையில் இரண்டு இருந்தன: பாபி டேரின் 1966இல் வெளியிட்ட 'இஃப் ஐ வேர் எ கார்பென்டர்', ஃபிராங்க் சினாட்ரா 1968இல் வெளியிட்ட 'சைக்கிள்ஸ்'. நான் டேரினைத்தான் வாங்கினேன்.

இருவருக்கும் குரல் இருக்கிறது, நல்ல பாடல்களும் அமைந்திருக்கின்றன, அதில் பேச்சில்லை. பாடகர் தம் பழைய பழக்கத்தை எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்பதே என் தேர்வை முடிவு செய்தது. 1959இல் டேரினை உச்சத்துக்குக் கொண்டுபோன 'மேக் தி நைஃப்' பாட்டில் சுருதி அரை அரை ஸ்வரமாக ஐந்து முறை ஏறும். ஒவ்வொரு ஏற்றத்திலும் அவர் குரல் இன்னும் கொஞ்சம் நிமிரும். ஃபோக் பாடகர் டிம் ஹார்டின் எழுதிய, ஆல்பத்தின் தலைப்பாகவும் அமைந்த தச்சன் பாட்டிலோ அந்த நிமிர்வே இல்லை. நான் வெறும் தச்சனாக இருந்தால் என்னை மணந்துகொள்வாயா என்ற கேள்வியை, பதிலுக்குப் பயப்படுகிறவனைப் போலத் தாழ்ந்த குரலில், கிதாரை மீறாமல் பாடுகிறார். அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 8ஆம் இடம் வரை போன பாட்டு இது. 'ரீசன் டு பிலீவ்', 'மிஸ்டி ரோஸஸ்' என்று ஹார்டினின் வேறு பாடல்களும் இதே ஆல்பத்தில் இருப்பதால், ஒரே மனிதனின் மனநிலைக்குள் இருந்து கேட்பது போன்ற ஒருமை கிடைக்கிறது.

இது காற்றடித்த பக்கம் சாய்ந்த வேலையும் அல்ல. பின்னாளில் பேர்ட்ஸ் என்ற ஃபோக் ராக் குழுவை உருவாக்கிய ரோஜர் மெக்குயின், அதற்கு முன்பே டேரினின் மேடைகளில் கிதார் வாசித்தவர். 1963இலேயே டேரின் நாட்டுப்புறப் பாடல்களை மட்டும் வைத்து 'எர்த்தி!' என்ற ஆல்பத்தைத் தந்திருந்தார். 1969இல் டேரின் எழுதிய 'சிம்பிள் சாங் ஆஃப் ஃப்ரீடம்' பாட்டை ஹார்டின் பாடினார் என்பதும் எனக்குப் பிடித்த செய்தி.

சினாட்ரா அப்படி இறங்கி வரவில்லை. ஜோனி மிட்செலின் பாட்டையும் ஜான் ஹார்ட்ஃபோர்டின் 'ஜென்டில் ஆன் மை மைண்ட்' பாட்டையும் டான் கோஸ்டாவின் வாத்திய அமைப்பில் தம் நடைக்கே இழுத்துக்கொள்கிறார். நடுவில் 'மை வே ஆஃப் லைஃப்' பெருமுழக்கத்தோடு வந்து, அதுவரை கூடிய அமைதியைக் கலைத்துவிடுகிறது. நான் கேட்டவை இரண்டுமே மறுபதிப்புகள் என்பதால், பழைய அச்சுகளின் ஒலித்தரத்தை ஒப்பிட்டுச் சொல்லத் துணிய மாட்டேன்.

ஆனாலும் 'சைக்கிள்ஸ்' என்ற தலைப்புப் பாட்டு மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காதலும் வேலையும் கைவிட்டுப் போனதைச் சொல்லும் அந்த வரிகளை ஐம்பது வயதைக் கடந்த குரல் பாடும்போது வரும் களைப்பு, பாடிய அன்று முப்பது வயதே ஆகியிருந்த டேரினிடம் இல்லை.