ரெசனேட்டர் கிட்டாருக்குப் பிக்கப் பொருத்தப் போகிறவர்கள் கவனத்திற்கு: என் 14,500 ரூபாய் போன விதம்

ரெசனேட்டர் கிட்டார் வைத்திருக்கும் நண்பர்கள், குறிப்பாகக் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் இருந்துகொண்டு ஒரு சின்ன வேலைக்கும் கீழே உள்ள கடைகளையே நம்பியிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைக்காரர் இன்று காலை சொன்ன பதிலின் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். கிட்டாரின் ஒலியை மின்சமிக்ஞையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்பைப் பொருத்தக் கொடுத்ததில் 14,500 ரூபாய் போனது. உள்ளே நன்றாக இருந்த கோனும் (ஒலி தரும் உலோகக் கூம்பு) கெட்டது.

என்னுடையது உலோக உடல் கொண்ட ஒற்றைக் கோன் கிட்டார். 1920களின் இறுதியில், மேடைகளில் ஒலிபெருக்கி பரவலாகாத காலத்தில், ஜான் டோப்யெரா ரெசனேட்டர் அமைப்பை உருவாக்கியதே சத்தத்திற்காகத்தான்; கம்பியின் அதிர்வு, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியக் கோனுக்குப் போய் அங்கிருந்து ஒலியாக வெளிவருகிறது. ஆனாலும் ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து வாசிக்கும் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் அந்தச் சத்தம் போதவில்லை. முன்னால் மைக் வைத்தால் ஹவுலிங் (ஊளையிடும் சத்தம்) வருகிறது. சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரின் நடுத்துளையில் மாட்டும் பிக்கப்புக்கு இதில் இடமே கிடையாது, ஏனென்றால் துளை இருக்க வேண்டிய இடத்தில் கோனை மூடும் உலோகத் தகடான கவர் பிளேட் இருக்கிறது.

ஆகவே, சமவெளியில் விற்பனையும் பழுதுபார்ப்பும் சேர்ந்து நடக்கும் ஓர் இசைக்கருவிக் கடையைத் தொலைபேசியில் அழைத்தேன். புகார் கொடுக்கப்போவதால் பெயரை எழுதவில்லை. பேசியவர் எடுத்த எடுப்பிலேயே, “சார், உங்களுது பிஸ்கட்டா, ஸ்பைடரா? கோன் ஒன்பதரை இஞ்சா, பத்தரையா?” என்று கேட்டார். கோனின் உச்சியில் ஒரு சிறு மரவில்லையை வைத்து அதன்மேல் சேடில் (கம்பிகள் அமரும் துண்டு) நிற்பது பிஸ்கட் வகை. கிண்ணம்போல் குழிந்த கோனின்மேல் எட்டுக்கால் உலோகச் சட்டம் உட்காருவது ஸ்பைடர் வகை. இந்த வேறுபாட்டைக் கேட்கத் தெரிந்த ஒரு கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. நம்பிக்கை வந்தது அந்தக் கேள்வியில்தான்.

அவர் மேலும் விளக்கினார். காந்தப் பிக்கப் மட்டும் வைத்தால் கம்பியின் அதிர்வைத்தான் பிடிக்கும், கோனின் குரல் வராது, எலெக்ட்ரிக் கிட்டார் போலவே கேட்கும். அதிர்வின் அழுத்தத்தை மின்சமிக்ஞையாக்கும் பீசோ மட்டும் வைத்தால் கோனின் குரல் வரும், ஆனால் கீச்சென்று காதைக் குத்தும். ஆகவே கழுத்துப் பக்கம் தட்டையான காந்தப் பிக்கப் ஒன்றும், பிஸ்கட்டுக்கும் சேடிலுக்கும் நடுவே பீசோ ஒன்றும் வைத்து, சமிக்ஞையை வலுப்படுத்தும் ப்ரீஆம்பில் இரண்டையும் கலந்துகொள்ளலாம் என்றார். வெண்கலம் சுற்றிய கம்பிகளைக் காந்தம் சரியாகப் பிடிக்காது, நிக்கல் சுற்றியதாக மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னார். இவ்வளவிலும் ஒரு சொல்கூடத் தவறில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய், முழுத் தொகையும் முன்கூட்டியே என்றார், அனுப்பினேன். கிட்டாரையும் மேட்டுப்பாளையம் வழியாகப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த கிட்டாரின் கழுத்துப் பக்கம் காலியாக இருந்தது. மைக் செட்டில் செருகியபோது தகரத்தைத் தட்டுவது போன்ற சத்தம் வந்ததே தவிர, கீழ்க்கம்பிகளில் கனமே இல்லை. கவர் பிளேட்டைக் கழற்றிக் கோனைத் தூக்கிப் பார்த்தேன். கோனின் அடியில், எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அற்ப விலைக்குக் கிடைக்கும் பித்தளை பீசோ வில்லை ஒன்று, வழிந்து உறைந்த பசைக்கட்டியோடு ஒட்டப்பட்டிருந்தது. பக்கத்திலேயே கட்டைவிரல் அழுத்திய பள்ளம். அதனால்தான் மூன்றாவது கம்பியைத் தொட்டாலே ‘கிர்’ என்று ஓர் அதிர்வு கூட வருகிறது. ப்ரீஆம்ப் என்று தந்த பெட்டிக்குள் ஒரு வால்யூம் குமிழ் மட்டுமே இருந்தது. பேட்டரி போட இடம்கூட இல்லை. பீசோவுக்கு 1 மெகாஓமுக்குக் குறையாத உள்ளீட்டு மின்தடை வேண்டும். அதை 10, 20 கிலோஓம் அளவிலுள்ள மிக்ஸரின் லைன் இன்புட்டில் நேராகச் செருகினால் கனமான ஸ்வரங்கள் எப்படி வரும்?

அழைத்தேன். முதலில் டெக்னீசியன் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். பிறகு எங்கள் மைக் செட் சரியில்லை என்றார்கள். அதற்கும் பிறகு, “உங்க ஊர் பனிக்கு அப்படித்தான் சார் இருக்கும், வெயில்ல கொஞ்சம் வெச்சுப் பாருங்க” என்றார் அதே மனிதர். பித்தளை வில்லையை வெயிலில் வைத்தால் காந்தப் பிக்கப்பாக மாறிவிடுமா? படங்களை அனுப்பினேன், வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. இன்று காலை, கிட்டாரை மறுபடி கொண்டுவந்தால் பார்க்கலாம், ஆனால் கூலியாக 2,000 ரூபாய் தனியாக ஆகும் என்கிறார்கள். 14,500 ரூபாய்க்கு அவர்கள் தந்த ரசீதோ ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரி மட்டும் அச்சில் தெளிவாக இருக்கிறது.

எந்த வகைக் கிட்டாருக்கு எந்தப் பிக்கப் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பொருத்தப்போகும் பிக்கப்பின் நிறுவனப் பெயரையும் மாதிரியையும் எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். கோனில் எதையும் பசை போட்டு ஒட்ட விடாதீர்கள். நான் விசாரித்த கடை எதிலும் மாற்றுக் கோன் இல்லை. பாதிக்குமேல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. என் மனு உதகையில்தான் போகிறது.

இந்தப் பக்கத்தில் வேறு யாராவது அப்படி ஒரு கடையில் கிட்டாரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், வாங்கும்போது அங்கேயே கவர் பிளேட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.