பாறையை வெட்டும், துளைக்கும் கருவியின் முனை பாறையில் உரச எது மேல்: கார்பைடா, வைரமா?

கடினம் மட்டும்தான் கணக்கு என்றால் இந்தக் கேள்வியே தேவையில்லை, வைரம்தான். ஆனால் உராய்வைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு மேற்பரப்பில் ஓரிரு அணு அடுக்கில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதற்கு.

வைரத்தின் மேற்பரப்பில் கார்பன் அணுக்களின் காலிக் கைகளை ஹைட்ரஜனும், ஈரக்காற்றிலிருந்து வரும் ஓ.எச். (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதிகளும் பிடித்துக்கொள்கின்றன. பிடிக்க எதுவும் மிச்சமில்லை, அதனால் வழுக்குகிறது. அதே வைரத்தை வெற்றிடத்தில் சுத்தமாக்கி உரசினால் உராய்வு பல மடங்கு எகிறும். கல் அதே கல்தான்!

டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த டங்ஸ்டன் கார்பைடு அப்படியில்லை. அதன் துகள்களைப் பிணைத்திருப்பது கோபால்ட் என்ற உலோகம். அதன் மேல் மெல்லிய ஆக்சைடு தோல். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸின் மேற்பரப்பிலும் ஓ.எச். தொகுதிகள் இருப்பதால் இரண்டும் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. தேய்ந்த முனையை லென்ஸில் பார்த்தால் கல்மாவு அப்பியிருப்பது தெரியும். கோபால்ட் முதலில் அரிபட்டுப் போக, பிடிப்பில்லாத துகள்கள் ஒவ்வொன்றாக உதிரும்.

வைர முனையிலும் கோபால்ட் வில்லன்தான்: செயற்கை வைரத் துகள்களைக் கோபால்ட் கொண்டு ஒட்டவைத்த வெட்டுமுனையில் சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது வைரத்தையே கிராஃபைட்டாக மாற்றத் தொடங்கும். அதனால்தான் மேலடுக்கிலிருந்து அமிலம் விட்டு கோபால்ட்டைக் கழுவி எடுக்கிறார்கள்.

சரி, எது வாங்கலாம்? சுரண்டி வெட்டும் வேலை, தண்ணீரும் தாராளம் என்றால் வைரம். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிபோல் சுத்தியலடியில் கிரானைட்டைத் துளைப்பதென்றால், உராய்வு எப்படியோ போகட்டும், அடி தாங்குகிற கார்பைடு பட்டன்தான் (துளைமுனையில் பதித்த உருண்டைக் குமிழ்).