இறுகிப்போன சைலன்சர் நட்டு: எண்ணெய், நெம்பு, நெருப்பு, அறுப்பு

தூத்துக்குடியில் கடற்காற்று நேராக வந்து மோதும் தெருவில் பதினான்கு ஆண்டுகள் நின்ற சிறிய பெட்ரோல் கார் அது. எஞ்சின் புகையைத் திரட்டி வெளியேற்றும் மேனிஃபோல்டும் சைலன்சரின் முன்குழாயும் சேரும் இடத்தில், கசிவை அடைக்கும் பேக்கிங் எரிந்துபோய்விட்டது. காலையில் வண்டியைக் கிளப்பினால் தட்தட்டென்று ஓசையுடன் புகை கசியும். கழற்ற வேண்டியவை மூன்றே நட்டுகள். இரண்டு கண்ணுக்குத் தெரிந்தன. மூன்றாவது, எஞ்சினுக்கும் அதன் பின்சுவருக்கும் நடுவே விரல்நுனி மட்டும் எட்டும் இடத்தில் இருந்தது. அந்த மூன்றையும் வீட்டு வாசலிலேயே கழற்றிய அனுபவத்தை வைத்து, கையில் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று நிறுத்திப் பார்க்கிறேன்.

எந்த முறைக்கு வலிமை அதிகம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அந்த முறை தோற்றால் எது உடையும் என்பதே என் முதல் கேள்வி. நட்டு உடைந்தால் சில ரூபாய் நட்டம். நட்டு ஏறி நிற்கும், மேனிஃபோல்டில் பதிந்த தலையில்லாத மரைக்கம்பிதான் ஸ்டட். அது வேரோடு முறிந்தால் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டிவரும். மேனிஃபோல்டை எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட் முறிந்தால், மென்மையான அலுமினியத்துக்குள் சிக்கிய எஃகுத் துண்டைத் துளைத்தெடுக்கும் வேலை காத்திருக்கிறது. வண்டி நாள்கணக்கில் நின்றுவிடும்.

இந்தக் கவலை இல்லாத இடமும் உண்டு. வண்டியின் நடுப்பகுதியில் இரண்டு குழாய்களை இணைக்கும் விளிம்புகளில் பெரும்பாலும் இருபுறமும் ஊடுருவிய போல்ட்டுகளே இருக்கும். அவற்றைக் காப்பாற்ற நேரம் செலவிடாதீர்கள். அறுத்து எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

ஸ்டட் உள்ள இடத்தில் எண்ணெயிலிருந்து தொடங்குவேன். இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கிறது. மரைகளுக்கு நடுவே இருந்த நூலிழை இடைவெளி முழுவதையும் அது அடைத்துவிடுகிறது. அந்த அடைப்புக்குள் ஊர்ந்து செல்ல எண்ணெய்க்கு நேரம் வேண்டும். தெளித்து ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரை மாட்டுவது எண்ணெயை வீணாக்குவதுதான். எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40, 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவான கலவை. பெயரில் உள்ள 40, நாற்பதாவது முயற்சியில் அது கைகூடியதைச் சொல்கிறது. லேசான துருவுக்கு அது போதும். ஆண்டுக்கணக்கில் வெந்த நட்டுக்கு, துரு இளக்குவதற்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குவது நல்லது. தானியங்கி கியர் எண்ணெயும் அசிட்டோனும் சம அளவு கலந்து ஊற்றுபவர்கள் உண்டு. அது எளிதில் பிரியும், எளிதில் தீப்பற்றும் என்பதால் நான் பயன்படுத்துவதில்லை. எண்ணெயின் பெரிய பலம், அது தோற்றாலும் எதுவும் உடையாது என்பது. குறை, மறைவான நட்டில் அது மரைக்குள் போனதா, வெளியே வழிந்ததா என்று தெரியாது. ஆறிய வண்டியில், மெல்லிய குழாய் முனையை ஸ்டட்டின் நுனிமேல் வைத்து, மூன்று மாலைகள் தொடர்ந்து விடுங்கள்.

நெம்புகோலைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே அதன் ஆபத்து விளங்கும். எம் 8 அளவுள்ள, அதாவது 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண ஸ்டட்டில் நட்டை இறுக்கும் முறுக்குவிசை ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 20 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் கிட்டத்தட்ட 100 நியூட்டன் மீட்டர் பாய்கிறது, அதாவது நான்கு மடங்கு. துருவால் மெலிந்த ஸ்டட் அதற்கு முன்பே முறிந்துவிடும். ஸ்பேனரில் குழாயைச் செருகி நீட்டும் வழக்கத்தை எம் 8 நட்டுகளில் நான் விட்டுவிட்டேன்.

மின்கல இம்பாக்ட் ரென்ச் இதைவிட மேல். ஒரே இழுப்பாக இல்லாமல் குறுகிய அடிகளாகத் தாக்குவதால் துரு அதிர்ந்து உதிர்கிறது. முன்னால் இருந்த இரண்டு நட்டுகளில் ஒன்று எண்ணெய்க்குப் பின் இதற்கே அசைந்தது. ஆனால் எட்டாத நட்டுக்கு நீண்ட எக்ஸ்டென்ஷன் கம்பியும் வளையும் மூட்டும் மாட்டியவுடன் கதை மாறுகிறது. கம்பி ஸ்பிரிங் போல முறுக்கிக்கொள்ள, அடியின் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துபோகிறது. எதில் மாட்டினாலும் ஆறு முனை சாக்கெட்டையே வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழுக்கிவிடும், பிறகு எந்தக் கருவியும் பிடிக்காது.

வலிமைக்கும் பாதுகாப்புக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டால் என் முதல் இடம் நெருப்புக்கு. 8 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு நட்டை 300 டிகிரி சூடேற்றினால் துளை ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு விரிகிறது. கேட்கச் சிறிதாக இருக்கும். துரு நொறுங்க அது போதும். நட்டை மட்டும் வேகமாகச் சூடாக்க வேண்டும், ஸ்டட்டும் சேர்ந்து சூடானால் இரண்டும் சேர்ந்தே விரியும். கேஸ் டார்ச்சால் நட்டு மங்கலாகச் சிவக்கும்வரை காட்டிவிட்டு, சிவப்பு மறைந்ததும் ஒரு மெழுகுவத்தியை ஸ்டட்டின்மேல் தொட்டுப் பாருங்கள். உருகிய மெழுகு மரைக்குள் உறிஞ்சப்படும். என் இரண்டாவது நட்டு இப்படித்தான் வந்தது.

ஆனால் நெருப்புக்குக் கண் கிடையாது. எட்டாத இடத்தில் நட்டைச் சுற்றி ரப்பர் உறை, பிரேக் குழாய், ஆக்ஸிஜன் சென்சார் வயர், பெட்ரோல் குழாய் எல்லாம் இருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். உருகப்போவதைச் சிவந்து காட்டாது. ஆகவே ஹெட்டின் அருகே டார்ச் வேண்டாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் நெருப்புக் காட்டவே கூடாது, அதிலிருந்து பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகும். எண்ணெய் தெளித்த உடனும் கூடாது. சுருள்கம்பியை நட்டின்மேல் மாட்டிச் சூடேற்றும் மின்தூண்டல் கருவியில் தீநாக்கே இல்லை, நட்டு மட்டும் சிவக்கும். விலை அதிகம், சுருள் நுழைய இடமும் வேண்டும். அடிக்கடி இந்த வேலை செய்பவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

அறுப்பை முரட்டுவழி என்று ஒதுக்குகிறார்கள். என் அளவுகோலில் அது மென்மையான வழி. நட்டின் ஒரு பக்கத்தை, ஸ்டட்டுக்கு இணையாக, மரையைத் தொடாமல் அறுத்து, மெல்லிய சுவராக நிற்கும்போது உளியால் ஒரு தட்டு. நட்டு பிளந்து விழும், ஸ்டட் பிழைக்கும். குறுகிய இடத்தில் கிரைண்டர் நுழையாது. வெறும் ஹாக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றி மெதுவாக இழுக்கலாம்.

மூன்றாவது நட்டுக்கு டார்ச் முடியாது, பிளேடும் எட்டவில்லை. முன்பக்கத்தை உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகளில் நிறுத்தி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து கீழே படுத்தேன். வெப்பத்தடுப்புத் தகட்டைக் கழற்றியதும் கீழிருந்து ஒரு நேர்வழி தெரிந்தது. மூட்டே இல்லாமல் 60 சென்டிமீட்டர் எக்ஸ்டென்ஷனை நிமிர்த்தி மாட்ட முடிந்தது. முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை, பிறகு தளர்த்தும் திசையில் அதே அளவு. கால் மணி நேரம் முன்னும் பின்னுமாக, இடையிடையே எண்ணெய். ஒரு முனகலோடு அசைந்தது. நட்டு தனியாக வரவில்லை, ஸ்டட்டையும் முழுதாகச் சுழற்றிக்கொண்டு மேனிஃபோல்டிலிருந்து வெளியே வந்தது. புதிய ஸ்டட் போட்டால் தீர்ந்தது.

ஒருவேளை முறிந்திருந்தால் ஈஸிஅவுட் என்னும் திருகுக்கருவியை நான் தொட்டிருக்க மாட்டேன். மிகக் கடினமான, நொறுங்கும் எஃகு அது. துளைக்குள் உடைந்தால் வீட்டில் உள்ள எந்த டிரில் முனையும் அதைத் துளைக்காது. முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்பியெடுக்கும் கை, நல்ல லேத் பட்டறைகளில் இருக்கிறது. சூடும் பிடியும் ஒரே நேரத்தில் கிடைக்கும் வழி அது.

திரும்பப் பூட்டும்போது எஃகு நட்டா, பித்தளை நட்டா? பித்தளையையே போட்டேன். எஃகு ஸ்டட்டோடு துருவால் ஒட்டிக்கொள்ளாது. அடுத்த முறை அப்படியே சிக்கினாலும், மென்மையான நட்டின் மரைதான் முதலில் போகும், ஸ்டட் நிற்கும். மரையில் தாமிரப் பசை, புதிய பேக்கிங். நூறு கிலோமீட்டர் ஓட்டி வண்டி ஆறிய பின் மூன்றையும் மறுபடி முறுக்கிப் பார்த்தேன். பின்னால் இருந்ததில் மட்டும் கால் சுற்று தேவைப்பட்டது.