குளோபல் ஃபிஷிங் வாட்ச்: ஒரு கப்பல்காரனின் மதிப்புரை

உலகக் கடலில் எந்தப் படகு எங்கே மீன் பிடிக்கிறது என்று புள்ளி புள்ளியாகக் காட்டும் இலவச இணைய வரைபடம் இது. ஓஷியானா, ஸ்கைட்ரூத் என்ற இரண்டு சூழல் அமைப்புகளும் கூகுளும் சேர்ந்து 2016-இல் பொதுப் பார்வைக்குத் திறந்தன.

நான் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபிசர். பன்னிரண்டு முதல் நாலு மணி வரை என் காவல் நேரம் (வாட்ச்). ராத்திரி ரேடாரில் ஒரு எதிரொலி தெரியும்; ஏ.ஐ.எஸ்.ஸில் (கப்பல் தன் பெயர், இடம், வேகத்தை ரேடியோவில் தானாக அறிவிக்கும் கருவி) பெயரோ வேகமோ வராது. பெரும்பாலும் அது மீன்பிடிப் படகுதான். இந்த வரைபடமோ முக்கியமாக அந்த ஏ.ஐ.எஸ். சிக்னலை நம்பியது. ஆகவே இதன் மேல் எனக்கு முதலில் சந்தேகமே. ஏ.ஐ.எஸ்.ஸை அணைத்துவிட்டவனை இது எப்படிப் பிடிக்கும்?

அதற்காகவே ரேடார் செயற்கைக்கோள் படங்களையும் இரவு வெளிச்சப் பதிவுகளையும் தனி அடுக்குகளாகச் சேர்த்திருக்கிறார்கள். கணவாயை விளக்கு வெளிச்சத்தில் ஈர்த்துத்தான் பிடிக்கிறார்கள்; கணவாய்ப் படகு விளக்கை அணைத்தால் பிழைப்பு இல்லையே! வடகொரியக் கடலில் சீனப் படகுகளை இப்படித்தான் எண்ணினார்கள்: 2017-இல் 900-க்கும் மேல், 2018-இல் சுமார் 700. மீன்பிடி உரிமையை வடகொரியா விற்கக் கூடாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2017 டிசம்பரிலேயே தடை போட்டிருந்தது. பெரிய படகுகள் உள்ளே வந்ததும் வடகொரியர்களின் சின்ன மரப்படகுகள் ரஷ்யக் கடல் பக்கம் ஒதுங்கின. அவற்றில் பல, பிணங்களோடு ஜப்பான் கரையில் ஒதுங்கின. இதை வெறும் மீன் திருட்டு என்று எப்படிச் சொல்வது?

எனக்கு மிகவும் பயன்படுவது ‘சந்திப்பு’ அடுக்கு. இரண்டு கப்பல்கள் 500 மீட்டருக்குள் இரண்டு மணி நேரமாவது மெதுவாக ஒட்டி நின்றால் குறித்துவைக்கிறது. நடுக்கடலில் ரீஃபர் கப்பலுக்கு (குளிர்பதனச் சரக்குக் கப்பல்) மீன் கைமாறிவிட்டால், யார் எங்கே பிடித்தது என்று துறைமுகத்தில் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

குறைகளும் உண்டு. தரவு சில நாள் பிந்தித்தான் வரும், ரோந்துக்கு உதவாது. சிக்னல் நின்றாலே திருட்டு என்று முடிவு கட்டவும் முடியாது. கொள்ளையருக்குப் பயந்து அணைப்பவர்களும் இருக்கிறார்கள். பாக் நீரிணையை இதில் தேடவே வேண்டாம். நம்மூர் விசைப்படகுகளில் பெரும்பாலானவற்றில் ஏ.ஐ.எஸ். கிடையாது, திரை காலியாகத்தான் இருக்கும். 2008-இல் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் கடத்தியது ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைத்தான். அந்த மாதிரி அளவுப் படகைக் கண்காணிக்க இது போதாது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். போன் வேண்டாம், கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். முதலில் அர்ஜென்டினாவின் 200 கடல் மைல் எல்லைக்கு (அதுவரை மீன்பிடி உரிமை அந்த நாட்டுக்கு) போய், பிப்ரவரி, மார்ச் மாதங்களை வைத்துப் பாருங்கள். அந்த எல்லைக்கோட்டை ஒட்டிச் சுவர் எழுப்பியதுபோல் கணவாய்ப் படகுகள் நிற்கும். அங்கே 2018 முதல் 2021 ஏப்ரல் வரை 6,000 முறைக்கு மேல் சிக்னல் நின்றுபோனதாக ஓஷியானா கணக்கிட்டிருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடுக்காகப் போட்டுப் பாருங்கள், அப்புறம் வேறு கடலுக்குப் போகலாம்.